மஜ்காவ் கப்பல் நடை: பிரசுரம் அச்சுக்குப் போகும் முன் திருத்தங்கள் தேவை

#1 வடாலா குமரன்

வணக்கம். தமிழ் நடைக் குழுவின் அடுத்த நடை மும்பை மஜ்காவில், ஒரு ஞாயிறன்று. பத்திரிகைகளில் 'மசகான் டாக்' என்று வருகிற அதே ஊர். டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் தொடங்கி பாவுச்சா தக்கா படகுத்துறையில் முடிக்கிறோம். வருகிறவர்கள் கையில் கொடுக்க நாலு பக்கப் பிரசுரம் தயாராகிறது. முதல் பத்தி இப்போதைக்கு இப்படி:

"சூரத்திலிருந்து வந்த வாடியா குடும்பம் 1736-ல் மஜ்காவில் கப்பல் கட்டத் தொடங்கியது. இங்கே கட்டிய மிண்டன் கப்பலில் வைத்துத்தான் அமெரிக்க தேசிய கீதம் எழுதப்பட்டது. இங்கே கட்டிய கார்ன்வாலிஸ் கப்பலில் நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தானது. இங்கே கட்டிய திரிங்கோமலி கப்பல் இன்றும் மிதக்கிறது."

தவறு இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அச்சடித்த பிறகு ஒட்டுச்சீட்டு ஒட்டிக் கொடுக்க முடியாது. இன்னொன்று, கப்பல் எப்படிக் கட்டினார்கள், எப்படி இறக்கினார்கள் என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் அதை நிரப்ப வேண்டும்.

#2 மாட்டுங்கா மீனாட்சி

குமரன், அந்தப் பத்தியில் 'இங்கே' என்ற சொல் மூன்று இடத்திலும் தவறு.

வாடியாக்களின் துறை கோட்டைப் பகுதியில் இருந்தது. லயன் கேட் வழியாக உள்ளே போகிற இன்றைய கடற்படைத் துறைதான் அது. லவ்ஜி நசர்வான்ஜி வாடியா அங்கேதான் வேலை செய்தார். 1750-ல் முதல் உலர்துறை (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்தும் இடம்) முடிந்தது அங்கே. 1810-ல் முடிந்த டங்கன் டாக்கும் அங்கேதான். மிண்டன், கார்ன்வாலிஸ், திரிங்கோமலி மூன்றும் அந்தத் துறையின் கப்பல்கள். மஜ்காவ் அதற்கு வடக்கே, அந்நாளில் தனித் தீவு.

மஜ்காவில் 1774-ல் ஒரு சிறு உலர்துறை வெட்டினார்கள். நெடுங்காலம் அது பழுது பார்க்கும் இடமாகத்தான் இருந்தது. பி அண்ட் ஓ, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனங்களின் கையில் இருந்து, 1934-ல் லிமிடெட் கம்பெனியாகி, 1960-ல் இந்திய அரசின் கைக்கு வந்தது. பெரிய போர்க்கப்பல் கட்டும் ஊராக மஜ்காவ் மாறியது அதற்குப் பிறகுதான். நீலகிரி போர்க்கப்பல் 1968-ல் நீரில் இறங்கி 1972-ல் கடற்படையில் சேர்ந்தது. ஷால்கி நீர்மூழ்கி 1992-ல், கல்வரி 2017-ல்.

அமெரிக்க கீதம் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். 1814-ல் பால்டிமோர் குண்டுவீச்சை பிரான்சிஸ் ஸ்காட் கீ பார்த்தது கைதிகளை மீட்கப் போன அமெரிக்கப் படகிலிருந்து. மிண்டன் கதை எத்தனை இடத்தில் அச்சாகியிருந்தாலும் நம் பிரசுரத்தில் வேண்டாம். கார்ன்வாலிஸ் செய்தி சரி. 1842 ஆகஸ்ட் 29, அந்தக் கப்பலில்தான் கையெழுத்து.

வாடியாக்களை மஜ்காவோடு சேர்த்துச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் அர்தசீர் கர்சட்ஜியைச் சொல்லுங்கள். அதே குடும்பம், நீராவிப் பொறியாளர். 1834-ல் மஜ்காவில் இருந்த தன் பங்களாவுக்கும் தோட்டத்துக்கும் வாயு விளக்கு ஏற்றினார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினரான முதல் இந்தியர்.

#3 வடாலா குமரன்

நன்றி மீனாட்சி அக்கா. திரிங்கோமலியை மட்டும் விட மனசில்லை. பெயரே நம்ம திருகோணமலை. 'தெற்கே உள்ள துறையில்' என்று திருத்திப் போட்டுக்கொள்ளலாமா? அதோடு, மரக் கப்பல் எப்படிக் கட்டினார்கள் என்று ஓடாவி அண்ணாச்சி எழுதினால் நன்றாக இருக்கும்.

#4 ஓடாவி

தாராளமாகப் போடலாம் தம்பி. 1816-ல் அதற்கு ஏரா (அடிமரம்) வைத்தபோது பார்சி வழக்கப்படி வெள்ளி ஆணி அடித்துத் தொடங்கினார்கள். 1817 அக்டோபர் 12-ல் நீரில் இறங்கியது. தலைமை ஓடாவி, அதாவது கப்பல் தச்சர், ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம், அகலம் சுமார் 40 அடி, 46 பீரங்கி. இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது.

இருநூறு வருஷம் நிலைத்ததற்குக் காரணம் மரம், மலபார்த் தேக்கு. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் கட்டினார்கள். ஓக்கில் துவர்ப்பு அமிலம் உண்டு, அது இரும்பு ஆணியை அரிக்கும். துருப்பிடித்த ஆணி சுற்றியுள்ள மரத்தையும் இளக்கிவிடும். தேக்கில் உள்ள எண்ணெய்ப் பசை அப்படிச் செய்யாது, கறையானும் எளிதில் அண்டாது.

ஆனால் எந்தத் தேக்கும் ஆகாது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், ஆற்றில் மிதக்கவிட முடியாது. அதனால் நிற்கிற மரத்திலேயே அடியில் வளையமாகப் பட்டையை எடுத்து, வெளிமரமான வெள்ளைக்கட்டையையும் உள்மரமான வைரம் வரை வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயும். பிறகு சாய்த்தால் மிதக்கும், முறுக்கும் குறையும். வெள்ளையை முழுக்க வெட்டாமல் விட்டால் மரம் மறுபடி துளிர்த்துவிடும், அத்தனையும் வீண். காட்டை வெட்டித் தீர்த்தபிறகு பயம் வந்துதான் 1840-களில் நிலம்பூரில் கோனோலி தோட்டம் போட்டார்கள். அதுவும் கப்பலுக்காகத்தான்.

கட்டும் வரிசை நம்ம தூத்துக்குடித் தோணியோடு ஒத்துப்போகும்: ஏரா, அதன் இரு முனையில் அணியத்து (முன்முனை) கட்டையும் அமரத்து (பின்முனை) கட்டையும், பிறகு வங்கு (விலா மரம்), பிறகு பலகை. இயற்கையாக வளைந்த கிளையைத் தேடி வங்குக்கு எடுப்பார்கள். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே அறுபடும். சுமை வந்தால் அந்த இடத்தில்தான் பிளக்கும். சூரத் ஓடாவிகள் பலகை விளிம்பை வெறுமனே முட்ட வைக்காமல், ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரிச் செதுக்கி இணைத்தார்கள். மரமும் கூடுதலாகப் போகும், கூலியும் கூடும். ஆனால் நீர் கசிவது மிகக் குறைவு.

கடைசியில் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கை அடைப்பது. இடுக்கைச் சுத்தம் செய்து, பஞ்சுத் திரியை எண்ணெயில் குழைத்த குங்கிலியத்தில் தோய்த்து, மழுங்கிய உளியும் மரச்சுத்தியும் கொண்டு அடிக்க வேண்டும். இதில் தவறு இரண்டு பக்கமும் நடக்கும். காய்ந்த பலகையில் திரியை இறுக்கி நிரப்பிவிட்டால், கப்பல் தண்ணீரில் இறங்கிப் பலகை ஊறி உப்பும்போது போக இடமில்லாமல் ஆணியையே பிடுங்கும். தளர்வாக விட்டால், கப்பல் அலையில் முறுக்கும்போது திரி வெளியே வந்துவிடும். விளிம்புக்குச் சற்று உள்ளே திரி நிற்க வேண்டும், மேலே குங்கிலியப் பூச்சு. வெயிலில் காய்ந்த கப்பலில் அவசரமாகக் கலப்பத்து போடவே கூடாது.

#5 செம்பூர் சங்கர்

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தேக்கு ஆனாலும் கடல்புழு விடாது, மெதுவாகத் துளைக்கும். அதற்காக அடிப்பகுதி முழுக்கச் செப்புத் தகடு அடித்தார்கள். அதில் ஒரு பெரிய தவறு நடந்தது. உள்ளே இரும்பு ஆணி, வெளியே செம்பு, நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் மின்கலம் போல வேலை செய்து இரும்புதான் கரையும். வெளியிலிருந்து பார்த்தால் தகடு பளபளவென்று இருக்கும், உள்ளே ஆணி கம்பி மாதிரி மெலிந்திருக்கும். 1780-களில் பிரிட்டிஷ் கடற்படை இதைத் தெரிந்துகொண்டு, நீர்மட்டத்துக்குக் கீழே செப்புக் கலவை ஆணிக்கு மாறியது. பிரசுரத்தில் 'செப்புத் தகடு அடித்ததால் நீடித்தது' என்று மட்டும் எழுதாதீர்கள், ஆணியும் மாறியதால்தான் நீடித்தது.

#6 ஆண்டாப்ஹில் ராஜா

ஒரு சந்தேகம். தேக்கு மலபாரில், நெசவு சோழமண்டலத்தில், தோணி கட்டும் கை தூத்துக்குடியில். இருந்தும் கப்பல் துறை மட்டும் ஏன் பம்பாயில்? சென்னையில் ஏன் இப்படி ஒரு உலர்துறை வரவில்லை?

#7 ஓதம்

ராஜா சார், காரணம் ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது.

மும்பைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி காலத்தின் சராசரி ஏற்றம் 4.42 மீட்டர், வற்றம் 0.76 மீட்டர். வித்தியாசம் 3.66 மீட்டர், அதாவது 12 அடி. அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஏற்றம் 3.30, வற்றம் 1.86, வித்தியாசம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை. சென்னையிலோ அமாவாசை அன்றே மொத்த வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். தூத்துக்குடியில் அதைவிடக் குறைவு.

பம்பு இல்லாத காலத்தில் உலர்துறை வேலை செய்வது இந்த 12 அடியால்தான். ஏற்றத்தில் கதவைத் திறந்து கப்பலை உள்ளே இழுப்பார்கள். வற்றம் இறங்கும்போது தண்ணீர் தானாக வடியும். அடியில் வந்ததும் கதவைச் சாத்தினால் அடுத்த ஏற்றம் வெளியே நிற்கும். மிச்சத் தண்ணீரை மட்டும் இறைத்தால் போதும். சென்னையில் ஒரு மீட்டரை வைத்து இதைச் செய்ய முடியாது. அங்கே அப்போது திறந்த கடற்கரைதான், அலைக்கு மறைப்பும் இல்லை. மும்பைத் துறைமுகமோ கிழக்குப் பக்கம் தீவுகளும் நிலமும் சூழ்ந்தது. தென்மேற்குப் பருவத்தின் பேரலை உள்ளே வராது.

இதை நடைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு எளிய வழி இருக்கிறது. கப்பல் நீரில் இறங்கிய தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பாருங்கள்.

மிண்டன், 1810 ஜூன் 19: பௌர்ணமி கழிந்து சுமார் 2 நாள்.
திரிங்கோமலி, 1817 அக்டோபர் 12: அமாவாசை கழிந்து ஒன்றிரண்டு நாள்.
பழைய நீலகிரி, 1968 அக்டோபர் 23: ஐப்பசி அமாவாசை 21-ல்.
விசாகப்பட்டினம், 2015 ஏப்ரல் 20: அமாவாசை 18-ல்.
மோர்முகாவ், 2016 செப்டம்பர் 17: பௌர்ணமி 16 நள்ளிரவு தாண்டியதும்.
இம்பால், 2019 ஏப்ரல் 20: பௌர்ணமி 19-ல்.
புதிய நீலகிரி, 2019 செப்டம்பர் 28: மகாளய அமாவாசை அன்றே.
சூரத், 2022 மே 17: பௌர்ணமி 16-ல்.

முதல் இரண்டும் கோட்டைத் துறை, மற்றவை மஜ்காவ். மரம் போய் எஃகு வந்தது, பாய் போய் டர்பைன் வந்தது, நாள் குறிப்பது மட்டும் மாறவில்லை. பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வருவதற்கும் காரணம் உண்டு. நிலவும் சூரியனும் சேர்ந்து இழுப்பது உச்சத்தில் இருக்கும் நாளிலேயே கடல் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்றிரண்டு நாள் பின்தங்கித்தான் பேரேற்றம் வரும்.

#8 மாட்டுங்கா மீனாட்சி

இந்தப் பட்டியல் அருமை. இதை அப்படியே நடுப்பக்கத்தில் போடவேண்டும். மகாளய அமாவாசை அன்று வீட்டில் ஒரு பொருள்கூடப் புதிதாக வாங்க யோசிப்பவர்கள் நாம். அன்றைக்கு ஒரு போர்க்கப்பல் கடலில் இறங்கியிருக்கிறது என்றால், கடல் ஏற்றவற்றம் எவ்வளவு கறாரான கணக்கு என்று எல்லாருக்கும் புரிந்துவிடும். புதிய நீலகிரி கடற்படையில் சேர்ந்தது 2025 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று. அதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

#9 வடாலா குமரன்

சங்கர் சார், அந்த நாளில் மஜ்காவ் சாய்தளத்தில் நடப்பது என்ன? மேலே கட்டிய கப்பல் கீழே எப்படி இறங்குகிறது? அரை மீட்டர் குறைந்தால் என்ன ஆகிவிடும்?

#10 செம்பூர் சங்கர்

பொதுவாகச் சாய்தளத்தில் இறக்கும் முறையைச் சொல்கிறேன். தளம் கடலை நோக்கிச் சுமார் 20 அடிக்கு 1 அடி சரிவு. கட்டும்போது கப்பலின் எடை ஏராவுக்குக் கீழே அடுக்கிய கட்டைகளில் நிற்கும். இறக்கும் முன் அந்த எடையை இரண்டு பக்கமும் உள்ள சறுக்குப் பாதைக்கு மாற்ற வேண்டும். அசையாத பாதை கீழே, கப்பலோடு போகிற பாதை மேலே, இரண்டுக்கும் நடுவே மெழுகும் கொழுப்பும். அடிப்பூச்சு கெட்டியானது, மேல்பூச்சு மிருதுவானது. மும்பை வெயிலில் மேல்பூச்சு இளகி எடையில் பிதுங்கி வெளியே போனால் மரமும் மரமும் உரசும், கப்பல் பாதியில் நின்றுவிடும். அதனால் பூச்சு போட்டு நெடுநாள் விடமாட்டார்கள்.

அன்று காலை ஆப்புகளை அடித்து எடையைத் தூக்கி, ஏராக் கட்டைகளை வரிசையாக எடுப்பார்கள். கடைசியில் ஒரு பூட்டு மட்டும் கப்பலைப் பிடித்திருக்கும். ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்குச் சற்று முன் அதை விடுவார்கள். கழிந்த பிறகு விட்டால், ஒரு தாமதம் ஆனாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும்.

அரை மீட்டர் குறைந்தால் நடப்பது இதுதான். அமரம் முதலில் தண்ணீருக்குள் போகிறது. பாதையின் முனையைத் தாண்டி வெளியே நீளும் பகுதியைத் தண்ணீர் தாங்கவேண்டும். மட்டம் போதாவிட்டால் அது தாங்காது. கப்பல் பாதை முனையில் ஊஞ்சல்பலகை மாதிரி சாய்ந்து, அந்த ஒரே இடத்தில் அடித்தகடு நசுங்கும். சரி, தண்ணீர் போதுமானது, அமரம் மிதந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த ஆபத்து அணியத்தில். மிதக்காத மிச்ச எடை முழுக்க, கப்பலைத் தாங்கும் முன்பக்கத் தொட்டிலில் சில நொடி உட்காரும். அங்கே உள்ளே கூடுதல் முட்டு கொடுத்திருக்க வேண்டும். அது பத்தாமல்தான் பல ஊர்களில் தகடு மடங்கியிருக்கிறது. மிதந்த பிறகு வேகம் அடங்க வேண்டும், அதற்குச் சங்கிலிக் குவியலை இழுக்கவிடுவார்கள்.

அட்டவணையில் உள்ள மட்டம் அப்படியே வரும் என்று நம்பவும் கூடாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் தாழும். தரையிலிருந்து அடிக்கும் காற்றும் தாழ்த்தும். அதனால் அளவுகோலைப் பார்த்துத்தான் கடைசி உத்தரவு.

உலர்துறையிலும் இதே மாதிரி ஒரு நொடி உண்டு. தண்ணீர் வடியும்போது அமரம் முதலில் கட்டையைத் தொடும். அணியம் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். கட்டை மேல்நோக்கித் தாங்குவது கப்பலின் அடியிலிருந்து எடையை எடுத்ததற்குச் சமம், கப்பல் தலைகனத்துப் போகும். அமரம் அதிகம் தாழ்ந்திருந்தாலோ, தொட்டிகளில் பாதித் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தாலோ பக்கமாகச் சாய்ந்துவிடும். ஏரா முழுக்க உட்கார்ந்து, பக்க முட்டுகள் இறுகும் வரை யாரும் எடையை நகர்த்தக்கூடாது.

#11 ஆண்டாப்ஹில் ராஜா

தெளிவாகிவிட்டது சார். தாருகானாவில் பழைய கப்பலை உடைக்கக் கரையேற்றுவதும் பேரேற்ற நாளில்தான் என்பது இப்போது புரிகிறது. எவ்வளவு மேலே ஏற்றுகிறார்களோ அவ்வளவு நேரம் வற்றத்தில் நின்று வெட்டலாம். பழைய விமானம்தாங்கிக் கப்பல் விக்ராந்தை 2014-ல் உடைத்தது அங்கேதான். அது கட்டப்பட்டது பிரிட்டனில், அதை மஜ்காவ் கப்பல் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

நடைக்கான குறிப்புகள். வடாலாவிலிருந்து ஹார்பர் லைனில் சிவ்டி, காட்டன் கிரீன், ரே ரோடு, நாலாவது டாக்யார்டு ரோடு. ஞாயிறு மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) பெரும்பாலும் 11 மணிக்கு மேல் தொடங்கும். காலை 7 மணிக்கு ஸ்டேஷனில் கூடினால் போக வழி உறுதி, திரும்ப பஸ் பார்த்து வையுங்கள்.

ஸ்டேஷனை ஒட்டிய குன்றின்மேல் ஜோசப் பாப்டிஸ்டா தோட்டம். மஜ்காவ் கோட்டை நின்ற இடம். 1690-ல் சித்தி யாகூத் கான் படை அதை இடித்தது. மேலே நின்றால் துறைமுகம் தெரியும், முதல் விளக்கத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். பிறகு மாத்தர்பாக்காடி, பாப்டிஸ்டா பிறந்த, 'ஈஸ்ட் இந்தியன்' எனப்படும் மும்பை மண்ணின் கிறிஸ்தவர்களின் குடியிருப்பு. அங்கே வீட்டு வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள், ஆள்கள் வசிக்கிற வீடுகள். நவாப் டேங்க் ரோட்டில் 1919-ல் ஏற்பட்ட சீ யுப் கூன் சீனக் கோயில், கப்பல் வேலைக்கு வந்த சீனர்களுடையது. குறுகலான மாடிப்படி, பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள்.

கப்பல்துறை வாசலிலும் மதில் ஓரத்திலும் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது. இதைப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் போடவும்.

#12 ஓதம்

நாள் தேர்வு பற்றி. அமாவாசை அல்லது பௌர்ணமி வெள்ளி, சனியில் விழும் வாரத்து ஞாயிறை எடுங்கள். மும்பையில் அந்த நாள்களில் பேரேற்றம் எப்போதும் நண்பகலை ஒட்டி 12-லிருந்து 1.30-க்குள் வரும், வற்றம் காலை 6-லிருந்து 7.30-க்குள். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கப்பல் இறக்கும் விழா பகலில் வைக்க முடிவதற்கு இந்த ஊரின் இந்த வசதிதான் காரணம்.

காலை 7.30-க்குப் பாப்டிஸ்டா தோட்டத்திலிருந்து பார்த்தால் கரையோரம் சேறு தெரியும். 12 மணிக்குப் பாவுச்சா தக்காவில் நின்றால் அதே கடல் படிக்கட்டை மூடியிருக்கும். படிகளில் பாசி படிந்த கோட்டைக் காட்டி, காலையில் தண்ணீர் எங்கே இருந்தது என்று ஒரு குச்சியால் அளந்து காட்டுங்கள். அங்கிருந்து மோரா போகும் படகு வற்றம் அதிகமான நேரத்தில் ஓடாது, மோராப் பக்கம் சேறு தட்டும். அக்கரை போக நினைப்பவர்கள் ஏற்றத்தில் போய் ஏற்றத்திலேயே திரும்ப வேண்டும். பாசிப் படியில் ரப்பர் செருப்பு வழுக்கும், குழந்தைகளை அங்கே இறக்காதீர்கள்.

#13 வடாலா குமரன்

திருத்திய பத்தி:

"மஜ்காவில் 1774-ல் ஒரு சிறு உலர்துறை ஏற்பட்டது. வாடியா ஓடாவிகள் கப்பல் கட்டியது இதற்குத் தெற்கே, கோட்டைத் துறையில். அங்கே மலபார்த் தேக்கில் கட்டி 1817-ல் இறக்கிய திரிங்கோமலி உலகின் மிகப் பழைய போர்க்கப்பல். மஜ்காவ் தன் பெரிய போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியது 1960-க்குப் பிறகு. 1968-ல் இறங்கிய முதல் நீலகிரி அதில் தொடக்கம். இரண்டு துறைகளும் கப்பலை இறக்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றத்துக்குக் காத்திருந்தன. நடுப்பக்கத்தில் தேதிகளைப் பாருங்கள்."

இது சரியா?

#14 மாட்டுங்கா மீனாட்சி

'உலகின் மிகப் பழைய போர்க்கப்பல்' என்பதை மாற்றுங்கள். பால்டிமோர் சமயத்தில் இருந்த அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அதைவிடப் பழையது, 1797-ல் இறங்கியது, இன்னும் மிதக்கிறது. 'ஐரோப்பாவில் இன்றும் மிதக்கும் போர்க்கப்பல்களில் மிகப் பழையது' என்று போடுங்கள். மற்றபடி அச்சுக்கு அனுப்பலாம்.

#15 வடாலா குமரன்

மாற்றிவிட்டேன். ஓடாவி அண்ணாச்சியின் கலப்பத்துப் பகுதி மூன்றாம் பக்கம், சங்கர் சார் எழுதியது நாலாம் பக்கம். நாளைக் காலை அச்சகத்துக்குப் போகிறது.